மலேரியாவும் மக்கள் பணமும்

பத்தாம் வகுப்பு மாணவரிடம் மலேரியாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். டெங்கு அவர்களுக்குத் தெரியும், கொரோனா தெரியும், மலேரியாவோ நூலிலே படித்த ஒரு சொல் மட்டுமே. அவர்களின் பாட்டன் பாட்டிமாருக்கு அது சொல்லன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் உடலை உலுப்பிய நடுக்கம் அது; இடது விலாவின் கீழே கல்லைப்போலக் கனத்த 'காய்ச்சற்கட்டி' அது; விழுங்கிய பின்னும் நாவை விட்டு நீங்காத கொயினாவின் கசப்பு அது. ஒரு தலைமுறையின் அன்றாட அனுபவம் மற்றொரு தலைமுறைக்கு வெறுஞ் சொல்லாக மாறிவிட்டதென்றால், இடையிலே ஏதோ பெரிய காரியம் நடந்திருக்க வேண்டும். ஆயின், எமது வரலாற்று நூல்களிலே அக்காரியத்துக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. மன்னர்கள் முடிசூடிய ஆண்டுகளை மனனஞ் செய்யும் மாணவன், தன் குடும்பத்தின் ஆயுள் நீண்ட ஆண்டினை அறியமாட்டான்.

அந்த மாற்றம் தானாக வந்ததன்று. ஓர் அரசாங்கத் திணைக்களம் மக்கள் பணத்தை மக்களுக்காகச் செலவு செய்ததனால் வந்தது. அத்திணைக்களமும் தானாகச் செலவு செய்யவில்லை. செலவு செய்யுமாறு மக்களால் நெருக்கப்பட்டது. நெருக்குதல் எங்கே இருந்ததோ அங்கே செலவு சென்றது. நெருக்குதல் எங்கே இல்லையோ, அல்லது நெருக்கும் உரிமை எவரிடமிருந்து பறிக்கப்பட்டதோ, அங்கே செலவு செல்லவில்லை. இலங்கையின் சுகாதார வரலாறு முழுவதும் இவ்வொரு உண்மையைச் சுற்றியே சுழல்கின்றது எனலாம்.

பிரித்தானியர் இந்நாட்டிலே குடிசார் மருத்துவத் திணைக்களத்தை நிறுவியது 1858ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் மருத்துவம் பெரும்பாலும் படையினரின் தேவையாகவே கருதப்பட்டது. திணைக்களம் தோன்றிய பின்னரும் அதன் கவனம் நகரங்கள், துறைமுகங்கள், பெருந்தோட்டங்கள் என்பவற்றை விட்டு வெகுதூரம் செல்லவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருடன் கொலராவும் அம்மையும் வந்துவிடக் கூடாதே என்ற அச்சம் ஒருபுறம். நோயினால் வேலைநாட்கள் குறைந்துவிடக் கூடாதே என்ற கணக்கு மறுபுறம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத்திலே மருத்துவ வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியதும், 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை ஆரம்பிக்கப்பட்டதும் இக்கண்ணோட்டத்தின் விளைவுகளே. காட்டோரக் கிராமத்து விவசாயிக்கோ சட்டமும் இல்லை, மருந்துச்சாலையும் இல்லை.

1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. நோய் வந்த பின் மருந்து கொடுப்பதோடு நில்லாது, நோய் வருமுன் தடுப்பதற்கென ஒரு குறித்த பிரதேசத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, பரிசோதகர்கள், தாதிகள், மருத்துவமாதர் ஆகியோர் பொறுப்பாக்கப்பட்டனர். இத்திட்டம் பின்னர் நாடெங்கும் பரவியது. உலகின் வேறு நாடுகள் இலங்கையை எடுத்துக்காட்டாகக் கொள்ளும் அளவுக்கு வளர்ந்த ஒரு முறையின் வித்து அன்று ஊன்றப்பட்டது. ஆயினும் வித்து மரமாவதற்கு நீர் வேண்டும். அந்த நீர், சொல்லவும் துயரமாக, ஒரு பெருஞ்சாவின் பின்னரே பாய்ந்தது.

மலேரியா இலங்கைக்குப் புதியதன்று. வன்னி, நுவரகலாவிய, தமன்கடுவை முதலிய வரண்ட பிரதேசங்களிலே அது ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளி. பருவமழை பெய்து குழிகளிலும் குளக்கரைகளிலும் நீர் தேங்க நுளம்பு பெருகும், காய்ச்சல் வரும். குழந்தைகள் பலர் இறப்பர். தப்பியோர் வளருங்காலத்தில் ஓரளவு எதிர்ப்புச் சக்தியைப் பெறுவர். தென்மேற்கின் ஈரமான பகுதிகளிலே நிலைமை வேறு. அங்கே ஆறுகள் ஆண்டு முழுவதும் பெருகி ஓடுவதனால் நுளம்பின் புழுக்கள் அடித்துச் செல்லப்படும். ஆகவே அப்பகுதி மக்கள் இந்நோயிலிருந்து பெரும்பாலும் தப்பியிருந்தனர். தப்பியிருந்த காரணத்தாலேயே அவர்களிடம் எதிர்ப்புச் சக்தியும் இருக்கவில்லை.

1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் களனி கங்கையும் வற்றி, ஆற்றுப் படுக்கையெங்கும் சிறு சிறு குட்டைகளாயின. தெளிந்து தேங்கிய அந்நீரே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு விரும்பும் தொட்டில். ஐப்பசி கார்த்திகையிலே காய்ச்சல் மூண்டது. கேகாலையிலும் குருநாகலிலும் வீடு வீடாக மக்கள் விழுந்தனர். நீர் மொண்டு கொடுப்பதற்கும் ஆளில்லாத குடும்பங்கள் இருந்தன. ஏறக்குறைய 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிலே 15 இலட்சம் பேரளவில் நோயுற்றனர். சில மாதங்களுள் மாண்டோர் தொகை ஏறத்தாழ 80,000. 1935ஆம் ஆண்டிலே பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 263 குழந்தைகள் தமது முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. நான்கு தொட்டில்களில் ஒன்று வெறுமையாயிற்று என்பதே இவ்வெண்ணின் பொருள்.

இச்சாவுக்கு நுளம்பு மட்டுமே காரணம் என்று கூறிவிட்டு நாம் அமைதியடைய முடியாது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் றப்பரும் தெங்கும் விலை வீழ்ந்திருந்தன. கூலி குறைந்தது, வேலை போயிற்று, மழையின்மையால் வயலும் விளையவில்லை. ஏற்கெனவே பசித்திருந்த உடலின் மீதே காய்ச்சல் பாய்ந்தது. ஒரே நுளம்பு கடித்தாலும் உண்டவன் எழுந்தான், உண்ணாதவன் எழவில்லை. கொயினா உயிரைக் காக்கும் மருந்துதான். ஆயின், கொயினாவை விழுங்குவதற்கு முன் ஒரு பிடி சோறு வேண்டும் என்பதை அரசாங்கத்தின் மருந்துப் பெட்டகம் அறிந்திருக்கவில்லை.

அதனை அறிந்து செயற்பட்டோர் வேறு சிலர். போர்வீரர் நினைவுக்காக விற்கப்பட்ட பொப்பி மலருக்கு எதிராகச் சூரியமலரை விற்ற இளைஞர் இயக்கத்தினர், கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குள் மருந்தோடும் உணவோடும் புகுந்தனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் முன்னின்றோர். வீடுவீடாகப் பருப்பு வழங்கியமையால் என். எம். பெரேராவுக்கு மக்கள் 'பருப்பு மாத்தயா' என்று பெயரிட்டனர். பரிகாசமும் பாசமும் கலந்த அப்பெயர் ஒரு பெரிய அரசியற் பாடத்தைத் தன்னுள் அடக்கியுள்ளது. பருப்புக் கொடுத்த இளைஞர்கள், ஓர் அரசாங்கம் செய்யவேண்டியதை ஒரு சிறு குழு செய்யவேண்டி நேர்ந்தது ஏன் என்ற வினாவையும் மக்களிடம் எழுப்பினர். 1935 மார்கழியிலே லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936இல் நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலிலே றுவன்வெல்லையில் என். எம். பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனாவும் வெற்றி பெற்றனர். காய்ச்சல் பரவிய மண்ணே அவர்களைச் சபைக்கு அனுப்பியது.

இங்கேதான் 1931ஆம் ஆண்டின் முக்கியத்துவம் புலனாகின்றது. டொனமூர் அரசியற் றிட்டத்தின்படி, படிப்பு, சொத்து, ஆண், பெண் என்ற வேறுபாடின்றி 21 வயது நிரம்பிய யாவருக்கும் வாக்குரிமை அவ்வாண்டில் கிடைத்திருந்தது. சாதியமைப்பைப் பேண விரும்பிய தமிழ்ப் பிரமுகர்களும் ஏனைய நிலவுடைமையாளரும் அவ்வுரிமையை எவ்வளவு தூரம் எதிர்த்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பாமரனுக்கு வாக்கு எதற்கு என்று அவர்கள் வினவினர். அதற்கான விடையை மலேரியா கொடுத்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கையிலே இப்போது ஒரு வாக்கு இருந்தது. அவளிடம் வாக்குக் கேட்டு வரும் எவரும் வைத்தியசாலையைப் பற்றிப் பேசாது திரும்ப முடியவில்லை. சபையிலே ஒவ்வோர் உறுப்பினரும் தமது தொகுதிக்கு ஒரு மருந்துச்சாலை, ஒரு மகப்பேற்று விடுதி, ஒரு கிராம வைத்தியசாலை என்று கோரத் தொடங்கினர். இவ்வாறு சபைக்குள் எழுந்த நெருக்குதல், டபிள்யூ. ஏ. டி சில்வா, ஜோர்ஜ் ஈ. டி சில்வா ஆகியோர் சுகாதார அமைச்சர்களாக இருந்த காலத்திலே செலவாக மாறியது. வாக்குரிமை கிராமத்து மண்ணிலே வைத்தியசாலைச் சுவராக எழுந்தது எனின் அது மிகையாகாது.

கட்டடங்களினும் சிறந்த காரியத்தை மருத்துவமாதர் செய்தனர். அரசாங்கம் கிராமத்துப் பெண்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்சியளித்து, மீண்டும் கிராமத்துக்கே அனுப்பியது. வெள்ளை உடுப்பும் பையுமாக ஒற்றையடிப் பாதைகளிலே நடந்து சென்ற அப்பெண்களுக்கு எந்தச் சந்தியிலும் சிலை இல்லை. 1930களின் தொடக்கத்திலே 100,000 பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1950களின் நடுப்பகுதியிலே அத்தொகை 500 அளவுக்கு இறங்கியது. 1946இல் இந்நாட்டுப் பெண்ணின் சராசரி ஆயுள் ஆணின் ஆயுளிலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் குறைந்திருந்தது. பிரசவப் படுக்கையே அதற்கு முதன்மையான காரணம். 1960களில் இந்நிலை மாறிப் பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளை மிஞ்சியது. தாலாட்டுப் பாடுவதற்குத் தாய் உயிரோடிருக்க வேண்டும் என்ற எளிய உண்மைக்குப் பணம் ஒதுக்கியதன் பயன் இது.

இரண்டாம் உலக யுத்தம் முடிவுற்றபோது டி. டி. ரி. என்னும் புதிய மருந்து கைக்கெட்டியது. 1946இலே மலேரியா நோயாளரென்று கணக்கிடப்பட்டோர் 27 இலட்சத்துக்கு மேல். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் நாடு தழுவிய முறையிலே வீட்டுச் சுவர்களுக்கு டி. டி. ரி. தெளிக்கப்பட்டது. கடித்தபின் சுவரிலே இளைப்பாறும் நுளம்பு அங்கேயே மாளும். விளைவு உலகையே வியப்பிலாழ்த்தியது. 1946இல் 1,000 பேருக்கு 20 அளவில் இருந்த மரணவீதம் 1947இல் 14 ஆக வீழ்ந்தது. அதே ஓராண்டில் சிசு மரணம் 1,000க்கு 141இலிருந்து 101 ஆகக் குறைந்தது. 1946இல் 43 வயதளவில் இருந்த சராசரி ஆயுள் 1953 அளவில் 58ஐ நெருங்கியது. ஏழே ஆண்டுகளில் ஒரு மக்கட் கூட்டம் 15 ஆண்டுக்காலம் கூடுதலாக வாழும் வாய்ப்பைப் பெற்றதென்பது எளிதிற் காணக்கூடிய நிகழ்ச்சியன்று.

இதன் புகழ் முழுவதும் டி. டி. ரி.யையே சாருமா என்பது பற்றி ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். மருந்து தெளிக்கப்பட்டமையே முதற் காரணம் என்பர் ஒரு சாரார். மலேரியா பெரிதும் இல்லாத மாவட்டங்களிலும் அக்காலத்தில் மரணம் குறைந்ததைச் சுட்டி, பங்கீட்டு அரிசியும், பாடசாலைப் பகலுணவும், வைத்தியசாலைகளும், மருத்துவமாதருமே காரணம் என்பர் மற்றொரு சாரார். நாம் ஒன்றை மட்டும் கவனிப்போம். இரு சாரார் கூறும் காரணங்களும் அரசாங்கச் செலவினாலேயே நடைபெற்றன. டி. டி. ரி. தெளிப்பவனும் சம்பளம் பெற்றான். மருத்துவமாதும் சம்பளம் பெற்றாள். அரிசியின் விலையும் திறைசேரியால் தாங்கப்பட்டது. மருந்துப் போத்தலில் மாயம் இல்லை. அதனை ஒவ்வொரு குடிசைக்கும் கொண்டுசென்ற ஒழுங்கிலேயே மாயம் இருந்தது.

காய்ச்சல் நீங்கியதும் வரண்ட பிரதேசம் திறந்தது. 1930களிலே மின்னேரியாவில் குடியேறியோர் மலேரியாவினால் பட்ட அவலம் அதன்பின் தொடர்ந்திருக்குமாயின், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் போன்றவை நினைத்தும் பார்க்க முடியாதவை. நிலமற்ற விவசாயிக்கு நிலம் கிடைத்தது நன்றே. ஆனால் அந்நிலத்தை யாருக்கு, எங்கே, எந்த நோக்கத்தோடு வழங்குவது என்ற தீர்மானம் இனவாத அரசியலின் கையிற் சிக்கியபோது, குடியேற்றம் தமிழ் மக்களின் நியாயமான அச்சங்களுள் ஒன்றாயிற்று. விஞ்ஞானம் நுளம்பை அகற்றும். மனிதருக்கிடையே நீதியை நிலைநாட்டும் பொறுப்பு அரசியலுடையது. அப்பொறுப்பிலே இந்நாடு தவறியது.

இனி, இச்செலவுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தல் வேண்டும். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிலே கட்டணம் நீக்கப்பட்டு, சிகிச்சை யாவருக்கும் இலவசமாயிற்று. 1952இன் சுகாதார சேவைகள் சட்டத்தினால் திணைக்களம் சீரமைக்கப்பட்டது. இலவசம் என்ற சொல் மயக்கம் தருவது. பெறுபவன் கொடுக்காவிடினும் வேறொருவன் கொடுத்தே ஆகவேண்டும். அக்காலத்து அரசாங்க வருமானத்தின் பெருந்தூண்களுள் ஒன்று தேயிலை, றப்பர், தெங்கு என்பவற்றின் மீது விதிக்கப்பட்ட ஏற்றுமதித் தீர்வை. அத்தேயிலையைப் பறித்த விரல்கள் எவருடையவை? மலைச்சரிவிலே கூடை சுமந்த தமிழ்ப் பெண்களுடையவை. கேகாலையிலே ஒரு குழந்தை பிழைத்ததிலும், மட்டக்களப்பிலே ஒரு தாய் பிழைத்ததிலும் அவர்களின் வியர்வைக்குப் பங்குண்டு.

அவர்களின் குழந்தைகள்? திணைக்களத்தின் வெற்றிக் கணக்கிலே கிழிந்திருக்கும் ஏடு இதுதான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலிலே தமது பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்கள், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத்தின் மூலம் வாக்காளர் இடாப்பிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். வாக்கில்லாதவனின் லயத்துக்கு எந்த வேட்பாளன் வருவான்? வைத்தியசாலை வேண்டும் என்று எவன் சபையிலே எழுந்து பேசுவான்? கிராமத்துக்கு அரசாங்க வைத்தியசாலை. தோட்டத்துக்குத் துரைத்தனத்தின் மருந்துச்சாலை என்ற பழைய பிரிவினை அப்படியே நின்றது. ஒரு காலத்தில் சட்டப்படியான மருந்துச்சாலையைப் பெற்றிருந்த தோட்டம் பின்தங்க, ஏதுமற்றிருந்த கிராமம் முன்னேறியது. 1974இல் உணவு நெருக்கடி நாட்டைத் தாக்கியபோது, நாடு முழுவதற்குமான சிசு மரணம் 1,000க்கு 51 அளவில் இருக்க, தோட்டங்களில் அது 100ஐ வெகுவாகக் கடந்தது. தோட்ட மருத்துவ நிலையங்களை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990களிலேதான் தொடங்கியது. அதுவும் ஆமை நடையாகவே நடந்தது. ஒரே திணைக்களம், ஒரே நாடு, ஒரே மருந்து. வேறுபட்டது வாக்குரிமை ஒன்றே.

மீண்டும் மலேரியாவுக்கு வருவோம். 1963ஆம் ஆண்டிலே, ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த இலங்கை முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் தொகை 17. நூறாயிரமுமன்று, ஆயிரமுமன்று, பதினேழு பேர். அவர்களுள்ளும் பலர் வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்தோர். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் சுடலைகள் நிரம்பி வழிந்த நாட்டிலே இது எத்துணைப் பெரிய வெற்றி! அவ்வெற்றியே தோல்வியின் வாயிலாகவும் அமைந்தது. நோயே இல்லாதபோது அதற்கு எதற்குச் செலவு என்ற வாதம் எழுந்தது. தெளிப்பு வேலை நிறுத்தப்பட்டது. குருதிப் பரிசோதனையும் கண்காணிப்பும் தளர்ந்தன. மருந்தின் கையிருப்பு தேய்ந்தது. வரவுசெலவுக் கணக்கிலே சில இலட்சங்கள் மிச்சமாயின.

நுளம்பு வரவுசெலவுக் கணக்கைப் படிப்பதில்லை. 1967இல் மழை குறைய, ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின. இரத்தினக்கல் தேடி எலஹெர போன்ற இடங்களிலே கூட்டங் கூட்டமாகச் சென்றோர் தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது. அங்கே நோயைப் பெற்றோர் அதனைத் தம் ஊர்களுக்குச் சுமந்து சென்றனர். 1969ஆம் ஆண்டில் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவுக்கு ஆளாயினர். சாவு 1935ஐப் போல் அமையவில்லை; வைத்தியசாலைகளும் மருந்தும் இடையிலே பெருகியிருந்தமையே காரணம். டி. டி. ரி. தடைசெய்யப்பட்டதனாலேயே இலங்கையில் மலேரியா மீண்டது என மேனாட்டார் சிலர் எழுதி வந்துள்ளனர். அது உண்மைக்கு மாறானது. நோய் மீண்டபின் டி. டி. ரி. மறுபடியும் இங்கே பல ஆண்டுகள் தெளிக்கப்பட்டது. நுளம்பு அதற்கு ஈடுகொடுக்கப் பழகிக்கொண்டதனாலேயே 1970களில் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று. தடை செய்யப்பட்டது மருந்தன்று, நிறுத்தப்பட்டது விழிப்பு.

செலவைக் குறைக்கும் ஆசை வலதுசாரிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நேர்மையோடு கூறவேண்டும். 1970களின் முற்பகுதியிலே, இடதுசாரிகள் பங்கு கொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம், வெளிநோயாளர் ஒவ்வொருவரிடமும் 25 சதம் அறவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அவ்வரசாங்கத்திலே நிதி அமைச்சராக இருந்தவர் வேறு யாருமல்லர். கேகாலையில் பருப்பு வழங்கிய அதே என். எம். பெரேராதான். 25 சதம் சிறு தொகையே. ஆனால் அன்றாடங் கூலிக்கு உழைப்பவன் தன் காய்ச்சலை 25 சதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஆயிற்று. அக்கட்டணம் 1977இல் நீக்கப்பட்டது. அதே ஐக்கிய முன்னணிக் காலத்திலேதான், 1971இல், பேராசிரியர் சேனக பிபிலேயும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மருந்து இறக்குமதி பற்றிய அறிக்கையை அளித்தனர் என்பதும், அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. வியாபாரப் பெயருக்கு விலை கொடுக்காது மருந்துக்கு மட்டும் விலை கொடுப்போம் என்ற அக்கொள்கை, குறைந்த செலவிலே கூடிய பயன் பெறும் வழியை ஏழை நாடுகளுக்கெல்லாம் காட்டியது. சூரியமல் நாட்களில் கிராமத்துக்கு மருந்து சுமந்த விக்கிரமசிங்க, முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னும் மருந்தின் விலையைப் பற்றியே கவலைப்பட்டார். ஒரே களத்திலிருந்து புறப்பட்ட இருவரின் பெயர்கள், ஒரே ஆட்சிக் காலத்திலே இருவேறு கணக்குகளில் எழுதப்பட்டன. ஒன்று ஏழையிடமிருந்து சேமித்தது. மற்றொன்று ஏழைக்காகச் சேமித்தது. சிக்கனம் என்ற ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டும் ஒளிந்து கொள்கின்றன; பிரித்தறிவது நமது கடன்.

உள்நாட்டுப் போர்க் காலத்திலே மலேரியா வடக்கிலும் கிழக்கிலும் குடிகொண்டது. 1999இல் நாடெங்கும் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். அவர்களுட் பெரும் பகுதியினர் போர் நடந்த மாவட்டங்களைச் சேர்ந்தோர். இடம்பெயர்ந்து மரநிழலிலும் கொட்டிலிலும் உறங்கியவனுக்குத் தெளிப்பதற்குச் சுவர் ஏது? எனினும் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள் எல்லைகளைக் கடந்து சென்று குருதி எடுத்தனர், மருந்து தெளித்தனர், நுளம்பு வலை கொடுத்தனர். போரிட்ட தரப்புகள் வேறெதிலும் உடன்படாவிடினும் இப்பணியைப் பெரும்பாலும் தடுக்கவில்லை. சர்வதேச நிதியுதவியும் பின்னர் கைகொடுத்தது. நாட்டுக்குள்ளேயே பரவிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரிலே கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

கதை இங்கே மங்களமாக முடிந்துவிட்டதென நாம் ஏட்டை மூடலாம். ஆயின், அதே 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரிலே ஒரு புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அந்த இனம், ஆற்றுக் குட்டைகளையோ காட்டுக் குழிகளையோ வேண்டுவதில்லை. வீட்டுக் கிணறும் நீர்த் தொட்டியும் அதற்குப் போதும். கிணறு இல்லாத வளவு வடக்கிலே எங்கே உண்டு? வெளிநாடுகளிலிருந்து நோயோடு வருவோர் இன்றும் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றனர். நோயாளியையும் நுளம்பையும் சந்திக்க விடாது தடுத்து நிற்பது ஒன்றுதான்: ஒருவரும் காணாத வேளையிலும் கிணற்றை எட்டிப் பார்த்துப் புழுவை எண்ணும், திணைக்களத்து ஊழியனின் சம்பளப் பட்டியல்.

2022 ஏப்பிரலில் இந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தது. அவ்வாண்டிலே வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகள் தீர்ந்தன, சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டன, வைத்தியர்கள் பெருந்தொகையாக நாட்டைவிட்டு வெளியேறினர். அதன் பின் செலவைக் குறைத்தல் ஓர் அறமாகவே போதிக்கப்பட்டு வருகின்றது. வீண் செலவைக் குறைக்க வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆனால் நல்ல சுகாதாரச் செலவின் பயன் கண்ணுக்குத் தெரியாதது என்பதை நாம் கணக்காளருக்கு ஓயாது எடுத்துரைக்க வேண்டும். பாலத்தைக் காட்டலாம், அணையைக் காட்டலாம், வராத காய்ச்சலை எப்படிக் காட்டுவது? இறவாத குழந்தையை எந்த அட்டவணையில் எழுதுவது? 1963இல் கணக்காளர் கண்டது 17 நோயாளரை. அவர் காணத் தவறியது, அந்தப் பதினேழுக்கும் 5 இலட்சத்துக்கும் இடையிலே நின்ற செலவை.

பத்தாம் வகுப்பு மாணவனுக்கு மலேரியா தெரியாமல் இருப்பது நல்லதே. அவ்வறியாமை மூன்று தலைமுறை மக்கள் தமது பணத்தால் வாங்கிக் கொடுத்த பரிசு. ஆயினும் அது எவ்வாறு வாங்கப்பட்டது என்பதை அவன் அறிந்தேயாக வேண்டும். எண்பதினாயிரம் பேரின் சாவும், ஒரு வாக்குரிமையும், பெயர் தெரியாத மருத்துவமாதரின் நடையும், வாக்கிழந்த கொழுந்து பறிப்போரின் உழைப்பும் அதற்குக் கொடுக்கப்பட்ட விலை. அவ்விலையை அறியாதவன், நாளை அதனை எவரேனும் வீண் செலவென்று வெட்டும்போது வாய் திறவாது நிற்பான். வரலாறு கற்பிப்பதன் பயன், அவன் அன்று வாய் திறப்பதிலேயே உள்ளது.